நன்றி போதும், கையுறை கொடுங்கள்

நன்றி சொல்வதில் நம்மை மிஞ்ச ஆள் கிடையாது. 2020 மார்ச் 18-ஆம் தேதி கோவிட்டால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து மலேசியாவே கதவைச் சாத்திக்கொண்டதிலிருந்து நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தாமான் முச்சந்தியில் ‘தெரிமா காசே’ என்று ஒரு பதாகை. கோயில் வாசலில் ஒரு பதாகை. தலைவர் படத்தை ஆளுயரத்துக்குப் போட்டு, தாதியர் படத்தைத் தபால்தலை அளவுக்கு ஓரத்தில் ஒட்டி இன்னொரு பதாகை. பேஸ்புக்கில் ஆளாளுக்கு முகப்புப் படம் மாற்றினார்கள். காலையில் ‘முன்களப் பணியாளர்களுக்கு வணக்கம்’ என்று வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூ அனுப்பியவர், சாயங்காலம் அதே குழுவில், ‘அந்த மூலை வீட்டுப் பொம்பளை ஆஸ்பத்திரியில வேலை செய்யுது, யாரும் அந்தப் பக்கம் போகாதீங்க’ என்று எச்சரிக்கையும் அனுப்பினார். ரோஜாவும் அவர்தான், எச்சரிக்கையும் அவர்தான்.

அந்த மூலை வீட்டுப் பொம்பளை என் சின்னம்மா மகள். சிலியாவ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். அம்மாவும் அப்பாவும் பால் வெட்டினவர்கள். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள், செம்பனைக்கு வெளிநாட்டு ஆள் வந்தார்கள், லயம் காலியானது, குடும்பம் ஆளுக்கொரு திசையாகத் தாமானுக்கும் மலிவு விலை வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பாதிப் பேர் கதை இதுதான். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் தொழிற்சாலைக்குப் போனார்கள், இன்னும் கொஞ்சம் படித்தவர்கள் தாதிமைப் பயிற்சிக்குப் போனார்கள். படிக்க வாய்ப்பில்லாமல் போன பெண்கள் எங்கே போனார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஏதாவது ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் காலை ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள், கையில் மாப்பும் வாளியுமாக நிற்பார்கள். தங்கச்சியும் அப்படி ஒரு கொந்திராக் கம்பெனி ஆள்தான்.

கோவிட் நேரத்தில் அவள் வேலை முடிந்து வீட்டுக்கு வருவதைப் பார்த்திருக்கிறேன். முன்வாசல் வழியாக வரமாட்டாள். பின்பக்கம் குழாயடியில் மோட்டாரை நிறுத்துவாள். அங்கேயே காலணியைக் கழற்றுவாள். குளோரக்ஸ் கலந்த வாளி ஒன்று தயாராக இருக்கும். சீருடையை அதில் முக்கிவிட்டுக் கைலியைச் சுற்றிக்கொண்டு நேராகக் குளியலறை. தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் பிள்ளை பக்கத்தில் போவாள். பகலெல்லாம் வார்டில் குளோரின், வீட்டுக்கு வந்தால் மறுபடி குளோரக்ஸ். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து, சாம்பார் பிசைந்து சாப்பிட்டால் எரியும் என்று கரண்டியால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். “கையுறை கொடுக்கலையா?” என்று கேட்டேன். “குடுப்பாங்கண்ணே. கணக்குப் பண்ணிக் குடுப்பாங்க. கிழிஞ்சா நம்ம பாடு” என்றாள். இதைச் சொல்லும்போது அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. எனக்குத்தான் வந்தது.

பக்கத்து மளிகைக் கடையில் அவளைக் கண்டால் கல்லாவில் இருப்பவர் காசைக் கையால் வாங்கமாட்டார், மேசைமேல் வை என்று கண்ணால் காட்டுவார். அதுகூடப் பரவாயில்லை, பயம் எல்லாருக்கும் உண்டு. ஆனால் அதே கடைக் கண்ணாடியில் முன்களப் பணியாளர்களுக்கு நன்றி என்று ஒட்டியிருந்த தாளை என்ன செய்வது? ஆறு கடக்கிற வரைக்கும்தான் அண்ணன் தம்பி என்பார்கள். நாம் ஆற்றின் நடுவில் நிற்கும்போதே ஓடக்காரரைப் பார்த்து ‘தள்ளி நில்’ என்றவர்கள்.

இதெல்லாம் கோவிட்டோடு வந்த புதுப் பழக்கம் என்று நினைத்தால் நம் மாநிலத்தின் கதையே நமக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். உலகத்துக்கே பேர் தெரிந்த ஒரு கொள்ளை நோய் நம் போர்ட்டிக்சன் மாவட்டத்திலிருந்துதான் பேரெடுத்தது. நிப்பா. 1998 செப்டம்பர் வாக்கில் ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் ஆரம்பித்து, வருஷக் கடைசியில் சிரம்பானுக்கு அடுத்த சிக்காமாட்டுக்கும், புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா வட்டாரத்துக்கும் வந்து சேர்ந்தது. காய்ச்சல், தலைவலி, மயக்கம், கோமா. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முதலில் நினைத்தார்கள். கொசுதான் காரணம் என்று ஊரெல்லாம் புகை அடித்தார்கள். தடுப்பூசி போட்டார்கள். ஊசி போட்டவர்களும் விழுந்தார்கள். பண்ணைச் சொந்தக்காரர்களான சீனர்கள் மட்டுமல்ல, பண்ணையில் கூலிக்கு நின்ற நம் ஆட்களும் விழுந்தார்கள்.

1999 மார்ச் மாதம்தான் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா கா பிங், சுங்கை நிப்பாக்காரர் ஒருவரின் மூளைத் தண்டுவட நீரிலிருந்து புது வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்தார். மாதிரியை எடுத்துக்கொண்டு அமெரிக்காவுக்கே பறந்தார். அதற்குப் பிறகுதான் கொசுவை விட்டுப் பன்றிப் பக்கம் திரும்பினார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள். மலேசியாவில் 265 பேருக்கு நோய், 105 பேர் சாவு என்பது கணக்கு.

இந்தக் கதையைச் சொல்கிற எல்லாரும் வைரஸைச் சொல்வார்கள், விஞ்ஞானியைச் சொல்வார்கள், பன்றியைச் சொல்வார்கள், பன்றிகளைக் கொன்ற ராணுவத்தைச் சொல்வார்கள். நான் கேட்கிறேன், அந்த மாதங்களில் வார்டில் யார் இருந்தார்கள்? என்ன நோய் என்றே தெரியாத நோயாளிக்குச் சளி உறிஞ்சியது யார்? படுக்கை விரிப்பு மாற்றியது யார்? வாந்தியைத் துடைத்தது யார்? கொசு என்று சொன்னதால் கொசுவுக்குத்தான் பயந்திருப்பார்கள். நோயாளியின் எச்சிலுக்குப் பயப்படவேண்டும் என்று அவர்களுக்குச் சொல்ல அன்று யாருக்கும் தெரியாது. அந்த முறை ஆஸ்பத்திரி ஊழியர்களிடையே அது பெரிதாகப் பரவவில்லை. நம் நல்ல நேரம்.

அந்த நல்ல நேரம் எல்லா ஊருக்கும் வாய்க்கவில்லை. நம் ஊர்ப் பேரைச் சுமந்த அதே வைரஸ் 2001-ல் மேற்கு வங்காளத்தின் சிலிகுரியில் தலைகாட்டியது. 66 பேருக்கு நோய், அதில் பெரும்பாலோர் ஆஸ்பத்திரி ஊழியர்கள், இல்லாவிட்டால் நோயாளியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள். 2018-ல் கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்துக்கு வந்தது. பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரியில் லினி புதுச்சேரி என்ற தாதி, முதலில் விழுந்த நோயாளியைக் கவனித்துக்கொண்டவர், மே 21-ஆம் தேதி இறந்துபோனார். சின்னச் சின்னப் பிள்ளைகள் இரண்டு. கணவருக்கு ஒரு கடிதம் எழுதிவைத்துவிட்டுப் போனார். தொற்றுப் பயத்தில் உடலை வீட்டுக்குக்கூடக் கொண்டுபோக முடியவில்லை. நாடே அழுதது. அரசாங்கம் கணவருக்கு வேலை கொடுத்தது. எல்லாம் சரி. அந்த முதல் நோயாளி வந்தபோது இது என்ன நோய் என்று லினிக்குத் தெரியாது. தெரியாத நோய் எந்த நேரமும் வாசலில் வந்து நிற்கும், அதனால் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் தாதிக்கு முகக்கவசமும் கையுறையும் தயாராக இருக்கவேண்டும் என்பதுதான் சுங்கை நிப்பா சொன்ன பாடம். பத்தொன்பது வருஷம் கழித்துப் பேராம்பிராவிலும் அதையே படிக்கவேண்டி வந்தது. அடுத்த இரண்டு வருஷத்தில் உலகம் முழுவதும் படிக்கவேண்டி வந்தது.

2020 மார்ச்சில் நம் நாட்டிலும் என்ன நடந்தது என்று மறந்துவிட்டோமா? பாதுகாப்பு அங்கி போதவில்லை. தையல் தெரிந்த வீட்டுப் பெண்கள் தைத்தார்கள், ஆடை வடிவமைப்பாளர்கள் தைத்தார்கள், சிறைக் கைதிகள்கூடத் தைத்தார்கள். நல்ல மனசுக்காரர்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் நல்ல மனசை நம்பியா ஒரு நாட்டின் ஆஸ்பத்திரி ஓடவேண்டும்? ரப்பர் கையுறை செய்து உலகத்துக்கே ஏற்றுமதி செய்கிற நாடு இது. அந்த ரப்பருக்குப் பால் வெட்டிய கைகளின் மகள், கிழிந்த கையுறைக்கு மாற்று கேட்கத் தயங்கி நிற்கிறாள். இதைச் சொன்னால் ‘நீங்கள் ரொம்ப உணர்ச்சிவசப்படுகிறீர்கள்’ என்கிறார்கள். படாமல் என்ன செய்வது?

தமிழ்நாட்டை எட்டிப் பார்த்தால் இன்னும் வயிறு எரிகிறது. நோயால் செத்த டாக்டருக்கு ஆறடி நிலம் கொடுக்க மறுத்த ஊர் அது. சென்னையில் நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் 2020 ஏப்ரல் 19-ஆம் தேதி கோவிட்டால் இறந்தார். கீழ்ப்பாக்கத்தில் அடக்கம் செய்ய விடவில்லை. வேலங்காட்டுக்குக் கொண்டுபோனார்கள், அங்கே கல்லும் கட்டையும் எடுத்துக்கொண்டு கூட்டம் வந்தது. ஆம்புலன்ஸ் கண்ணாடி உடைந்தது. கூட வந்தவர்கள் அடிபட்டார்கள். கடைசியில் சக மருத்துவர் பிரதீப், ஆஸ்பத்திரி ஊழியர் ஓரிருவரோடு நடுராத்திரியில் தன் கையால் மண்ணைத் தள்ளி மூடினார். சைமனின் மனைவி, கணவரை அவர் விரும்பிய கல்லறையில் வைக்க உயர்நீதிமன்றம் வரை போகவேண்டி வந்தது. அந்தச் சாவுக்குச் சரியாக நாலு வாரம் முன்புதான், மார்ச் 22-ஆம் தேதி மாலை ஐந்து மணிக்கு, அதே தேசம் சுகாதாரப் பணியாளர்களுக்காக வாசலில் நின்று கை தட்டியது, தட்டு தட்டியது, மணி அடித்தது.

அங்கே ஒரு காரியம் மட்டும் உருப்படியாக நடந்தது. ஏப்ரல் 22-ஆம் தேதி இந்திய அரசாங்கம் தொற்றுநோய்ச் சட்டத்தைத் திருத்தி அவசரச் சட்டம் போட்டது. சுகாதாரப் பணியாளரைத் தாக்கிப் படுகாயப்படுத்தினால் ஏழு வருஷம் வரை சிறை. கை தட்டல் செய்யாத வேலையைச் சட்டம் செய்ய முயன்றது. அப்படிச் சட்டம் போடுகிற நிலைமைக்கு நாம் ஏன் வந்தோம் என்பது தனிக் கேள்வி.

சரி, நம் ஊருக்கு வருவோம். துப்புரவு ஆட்களைப் பற்றித்தானே பேசிக்கொண்டிருந்தேன். 1997-லிருந்து அரசாங்க ஆஸ்பத்திரிகளில் துப்புரவு, துணி வெளுப்பு, மருத்துவக் கழிவு அகற்றுவது எல்லாம் தனியார் கம்பெனிகள் கையில். அதனால் வார்டுக்குள் ஒரே காற்றைச் சுவாசிக்கிற இரண்டு பேரில் ஒருவர் அரசாங்க ஊழியர், இன்னொருவர் கம்பெனி ஆள். மருத்துவப் பணியாளர்களுக்கு 2020-ல் மாதம் 400 வெள்ளி சிறப்புப் படி அறிவித்தார்கள், ஏப்ரலிலிருந்து அதை 600 ஆக்கினார்கள். நியாயம்தான், இன்னும் கூடக் கொடுத்திருக்கலாம். தங்கச்சிக்கு வந்தது என்ன தெரியுமா? ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் ஒரு நன்றிச் சான்றிதழும். கோவிட் வார்டில் மஞ்சள் பையைக் கட்டித் தூக்கிக்கொண்டு போனவள் அவள். அந்த மஞ்சள் பைக்குள் என்ன இருக்கும் என்று தெரியுமா? நோயாளி துப்பிய டிஷ்யூ, ரத்தம் நனைந்த பஞ்சு, டாக்டரும் தாதியும் கழற்றிப் போட்ட அதே பாதுகாப்பு அங்கி. எல்லாரும் கழற்றிப் போட்டதைப் பொறுக்குகிறவளுக்குத்தான் கையுறை கணக்கு.

கேட்டால் என்ன ஆகும் என்றும் பார்த்துவிட்டோம். 2020 ஜூன் 2-ஆம் தேதி, ஈப்போ அரசாங்க மருத்துவமனைக்கு வெளியே துப்புரவுத் தொழிலாளர்களுக்காகத் தொழிற்சங்கக்காரர்கள் மறியல் செய்தார்கள். ஐந்து பேரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய் ராத்திரி லாக்கப்பில் வைத்தது. மறுநாள் நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். பிடிபட்டவர்களில் மலேசிய சோசலிசக் கட்சியின் சரஸ்வதியும் ஒருவர், தோட்டத் தொழிலாளர்களுக்காகக் காலமெல்லாம் நின்றவர். அந்த ஜூன் மாதத்தில் முன்களப் பணியாளர்களைப் பாராட்டாத வாய் நாட்டில் இல்லை. அவர்களில் கீழ்த்தட்டில் இருக்கிறவர்களுக்காக நாலு பேர் அட்டையைத் தூக்கிப் பிடித்தபோது, இடைவெளி விடவில்லை, கூட்டம் கூடினீர்கள் என்று விலங்கு. தங்கச்சியிடம் அந்தச் செய்தியைக் காட்டினேன். “இதுக்குத்தாண்ணே நாங்க வாயைத் திறக்கிறதில்லை” என்றாள்.

இன்னொரு ஆளைப் பற்றியும் சொல்லவேண்டும். அவரைப் பற்றி எந்தப் பதாகையிலும் பார்த்ததில்லை. தோட்டத்து டிரெசர். இப்போதைய தாமான் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லே தெரியாது. சட்டப்படி அவர் ‘தோட்ட மருத்துவ உதவியாளர்’. 1965-லேயே அவர்களைப் பதிவு செய்யத் தனிச் சட்டம் போட்டார்கள். நமக்கு எப்போதும் டிரெசர் ஐயாதான். மானேஜர் பங்களா குன்றின்மேல், கிராணி வீடு நடுவில், லயம் பள்ளத்தில், இவற்றுக்கு இடையில் ஒரு பலகைக் கட்டடம், அதுதான் தோட்டத்து ஆஸ்பத்திரி. டாக்டர் எப்போதாவது வருவார். மற்ற நாளெல்லாம் எல்லாம் டிரெசர்தான். மலேரியாக் காலத்தில் கொய்னா மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு முழுங்குகிற வரைக்கும் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பாராம். மலேரியாவுக்கு வாய்க்காலில் எண்ணெய் அடிக்கிற ஆளைக் கண்காணிப்பதும், பிள்ளைகளுக்கு அம்மை குத்துவதும், மண்டோர் நம்பாத தலைவலிக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பதும் அவர் வேலைதான். அந்தச் சீட்டுக்காகவே அவரிடம் சண்டை போட்டவர்கள் நம் ஆட்கள். பேருக்கு நாட்டில் பெரிய டாக்டர்கள் எத்தனையோ பேர். லிங்கியிலிருந்து பகாவ் வரைக்கும் தோட்டக் காட்டில் உயிரைப் பிடித்து வைத்தவர்கள் இவர்கள்.

தோட்டங்கள் கைமாறி, துண்டாடி, ஆள் குறைந்த பிறகு டிரெசரும் குறைந்தார். ஒரே ஆள் இரண்டு மூன்று தோட்டத்தைப் பார்க்கிற இடமும் உண்டு. கோவிட் வந்தபோது எனக்குத் தெரிந்த ஒருவர் என்ன செய்தார் என்று சொல்கிறேன். விடியற்காலைப் பெரட்டுக்கு முன்னாலேயே வெப்பமானியோடு நிற்பார். வரிசையில் நிற்பவர்கள் இந்தோனேசியர், வங்காளதேசி, நேப்பாளி. தமிழ் ஆள் ஒரு கை விரலுக்குள். இருமுகிறவனைத் தனியாகக் கூப்பிட்டால் அவன் வரமாட்டான். வந்தால் சம்பளம் போய்விடும், அனுமதிச் சீட்டுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயம். பயத்தில் காய்ச்சல் மாத்திரையை முழுங்கிவிட்டு வெப்பமானியை ஏமாற்றுவான். இவர் அவனோடு கெஞ்சி, மிரட்டி, காலியாய்க் கிடந்த பழைய லயத்தைப் பெருக்கி, அங்கே அவனைத் தனிமையில் வைத்து, அரிசியும் முட்டையும் வாசலில் கொண்டு வைப்பார். மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குப் பெயர்ப் பட்டியல் எழுதி அனுப்புவார். வயது அறுபதைத் தொடுகிறது, சர்க்கரை நோயும் உண்டு. தொற்றியிருந்தால் அவரே முதல் பலி. தோட்ட நிர்வாகம் அவருக்கு என்ன செய்தது என்று கேட்டேன். “முகக்கவசம் குடுத்தாங்க தம்பி, ஒரு பெட்டி” என்று சிரித்தார். அவரை முன்களப் பணியாளர் என்று ஒரு மனிதரும் கூப்பிடவில்லை. ஆஸ்பத்திரி இருக்கிற இடம்தான் முன்களம் என்று நாம் முடிவு கட்டிவிட்டோம் போலிருக்கிறது.

கடைசித் தட்டில்தான் இந்தக் கதி, டாக்டர்களுக்கு என்ன குறை என்பீர்கள். ஒப்பந்த டாக்டர்களை மறந்துவிட்டீர்கள். 2016 டிசம்பரிலிருந்து 2021 மே வரை 23,077 டாக்டர்களை ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். அதில் நிரந்தரம் ஆனவர்கள் 789 பேர். மிச்சப் பேருக்கு அன்று நிபுணத்துவப் படிப்புக்கும் வழி அடைப்பு, அடுத்த வருஷம் வேலை இருக்குமா என்றும் தெரியாது. 2021 ஜூலை 26-ஆம் தேதி கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் வார்டை விட்டு வெளியே வந்து நின்றார்கள். அதற்கு முந்தின நாள்தான் நாட்டில் ஒரே நாள் தொற்று முதல் தடவையாக 17,000-ஐத் தாண்டியிருந்தது. ‘இந்த நேரத்திலா போராட்டம்?’ என்று கேட்ட அதே நாம்தான் பதாகை கட்டியவர்கள். நோயில்லாத நேரத்தில் கேட்டால் யார் காதில் விழும்? நம் வீட்டுப் பிள்ளையை டாக்டராக்க வீட்டை அடமானம் வைத்த எத்தனை தோட்டத்துக் குடும்பம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இனி நம்மைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு வெள்ளி கொடுத்து அரசாங்கக் கிளினிக்கில் நம்பர் எடுக்கிறோம். டாக்டரைப் பார்த்து, மருந்தும் வாங்கிக்கொண்டு வருகிற வரைக்கும் அந்த ஒரு வெள்ளிதான். உலகத்தில் இப்படி எத்தனை நாட்டில் கிடைக்கும்? காத்திருப்பு நீளம்தான், மறுக்கவில்லை. காலையில் போனால் மத்தியானம் ஆகிவிடுகிறது. ஆனால் அதற்குக் கோபம் காட்டவேண்டிய இடம் எது? முகப்பில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்னப் பெண்ணா? ஆளைக் குறைத்தவர் அவர் இல்லை, அறையைக் குறுக்கியவரும் அவர் இல்லை. போன மாதம் என் கண் முன்னால் ஒருவர் முகப்பு மேசையைத் தட்டி, “எங்க வரிப் பணத்துலதான் நீ சம்பளம் வாங்குற” என்று கத்தினார். அந்தப் பெண் எழுந்து நின்று, “பாக்சிக், தயவு செஞ்சு உக்காருங்க” என்று மலாயில் பணிவாகச் சொன்னார். அவர் அதையும் கைப்பேசியில் படம் பிடித்தார். மத்தியானத்துக்குள் வாட்ஸ்அப்பில் சுற்றியிருக்கும். அங்கே உட்கார்ந்திருந்த நாங்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு எங்கள் நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவராவது எழுந்து, “அண்ணே, வேண்டாம்” என்று சொல்லியிருக்கலாம்.

பொய் சொல்கிற பழக்கமும் நமக்கு உண்டு. காய்ச்சல் இருக்கா என்றால் இல்லை. வெளியூர் போனீர்களா என்றால் இல்லை. வீட்டில் யாருக்காவது இருமலா என்றால் சத்தியமாக இல்லை. உண்மையைச் சொன்னால் தனி வரிசையில் உட்காரவைப்பார்கள், நேரம் ஆகும், அவ்வளவுதான் காரணம். அந்த அரை மணி நேரத்தை மிச்சம் பிடிக்க எதிரில் இருக்கிற தாதியின் உயிரைப் பணயம் வைக்கிறோம். 2020 ஜனவரியிலிருந்து 2021 மே வரை உலகம் முழுவதும் கோவிட்டால் 80,000-லிருந்து 1,80,000 வரை சுகாதாரப் பணியாளர்கள் இறந்திருக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அவர்களில் எத்தனை பேருக்கு எதிரில் ஒரு நோயாளி ‘சத்தியமாக இல்லை’ என்று சொல்லியிருப்பார்?

அப்புறம் இன்னொன்று. நெருக்கடி முடிந்தவுடன் ஊருக்கு மறதி வந்துவிடுகிறது. 2024 டிசம்பரில் அரசாங்க ஊழியருக்குப் புதுச் சம்பள முறை வந்தபோது, வார்டில் ஷிப்ட் பார்க்கிற தாதியருக்கு வாரம் 42 மணி நேர வேலையை 45 ஆக்குகிற பேச்சு எழுந்தது. தாதியர் எதிர்த்தார்கள். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரிந்தவர்களில் சிலர், ‘வாரத்துக்கு மூணு மணி நேரம்தானே’ என்றார்கள். ராத்திரி ஷிப்ட் முடிந்து மோட்டாரில் வீட்டுக்கு வரும் பெண்ணுக்கு அந்த மூணு மணி நேரம் என்னவென்று, பால் வெட்ட விடியற்காலை மூணு மணிக்கு எழுந்த அம்மாவைப் பார்த்து வளர்ந்த நமக்கா யாராவது சொல்லித் தரவேண்டும்?

சரி, புலம்பியது போதும், என்னதான் வேண்டும் என்கிறீர்கள். ஆஸ்பத்திரிக்குள் நோயாளியின் பக்கத்தில் நிற்கிற எல்லாரும் ஒரே கணக்கில் வரவேண்டும். சீருடை வெள்ளையா, நீலமா, கம்பெனி முத்திரை போட்டதா என்று வைரஸ் பார்ப்பதில்லை. படி கொடுத்தால் துப்புரவுத் தொழிலாளிக்கும் படி, ஊசி முதலில் என்றால் அவளுக்கும் முதலில், நோய் தொற்றினால் சம்பளம் பிடிக்காத விடுப்பு அவளுக்கும். ஒப்பந்தம் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்கு மாறும்போது பழைய சேவை வருஷங்கள் அழிந்துபோகக்கூடாது. பாதுகாப்புச் சாமான்கள் ஆறு மாதத்துக்காவது இருப்பில் இருக்கவேண்டும். தோட்டத்தில் டிரெசர் இல்லாத இடத்தில் ஒருவரைப் போடவேண்டும், இருக்கிற இடத்தில் அவர் வேலை செய்கிற கொட்டகைக்கு ஒரு கூரையாவது ஒழுங்காகப் போடவேண்டும். வெளிநாட்டுத் தொழிலாளி காய்ச்சலை மறைக்காமல் சொல்ல, சொன்னால் சம்பளம் போகாது என்ற உத்தரவாதம் வேண்டும். அது அவனுக்கு மட்டும் பாதுகாப்பு இல்லை, டிரெசருக்கும் பாதுகாப்பு. இதில் எது நடக்காத காரியம்? எதற்கு ராக்கெட் விடவேண்டியிருக்கிறது?

அடுத்த தேர்தலில் நம் தாமானுக்கு ஓட்டுக் கேட்டு வருவார்கள். ரந்தாவ் என்ன, லுக்குட் என்ன, பகாவ் என்ன, எல்லா இடத்துக்கும் வருவார்கள். கோயில் மண்டபத்துக்குக் கூரை, பாலர் பள்ளிக்குப் பெயிண்ட் என்று கேட்போம், அவர்களும் கொடுப்பார்கள். இந்த முறை ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேளுங்கள்: ஆஸ்பத்திரித் துப்புரவு ஒப்பந்தத்தில் எங்கள் பெண்களுக்கு ஒரு நாளைக்கு எத்தனை ஜோடி கையுறை என்று எழுதியிருக்கிறது? பதில் தெரியாதவரிடம், தெரிந்துகொண்டு அடுத்த வாரம் வரச் சொல்லுங்கள். நாம் எங்கேயும் போகப்போவதில்லை.